கவுன்சிலரம்மா, புகை வண்டி எப்போ வரும்?

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அப்படித்தான் நான் நகராட்சிக் கவுன்சிலர் ஆனேன். காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் அடுத்த கூட்டத்தில் எனக்குத்தான் சங்கடம். பதவியேற்ற நாளிலிருந்து தெருவில் இறங்கினால் இரண்டு கேள்விகள் என்னைத் துரத்தும். ஒன்று, "சார் வரலையா?" சார் என்றால் என் வீட்டுக்காரர். அவர் மளிகைக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பார். இன்னொன்று, "புகை வண்டி எப்போ வரும்?" ரயில் இல்லை, கொசுவுக்குப் புகை மருந்து அடிக்கிற நகராட்சி வண்டி.

முதல் கேள்வி ஒரு வருஷத்தில் தேய்ந்து போனது. இரண்டாவது போகவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, முதல்முறையாக ஏரியா சபை கூட்டினோம். கிராமங்களில் கிராம சபை இருப்பதுபோல நகரத்து வார்டுகளுக்கும் ஒன்று வேண்டும் என்றுதான் இதைக் கொண்டுவந்தார்கள். எனக்கு ரொம்ப எதிர்பார்ப்பு. சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டு, டீ சொல்லி வைத்திருந்தேன். வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். அதில் பாதிப்பேர் எந்தக் கூட்டம் என்றாலும் வருகிறவர்கள். ஒரே ஒரு சாக்கடையைப் பற்றி, அது யார் வீட்டு எதிரே அடைத்துக்கொள்கிறது என்று ஒன்றரை மணி நேரம் சண்டை. பெண்கள் ஆறு பேர், ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்து செருப்புப் போடும்போதுதான் ஒரு பெண் மெதுவாகச் சொன்னார்: "எங்க தெருவுல தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு வருதுக்கா." சொல்லிவிட்டுப் போய்விட்டார். தீர்மானப் புத்தகத்தில் சாக்கடை மட்டும்தான் ஏறியது.

அப்போதுதான் வீடு வீடாகப் போய்க் கேட்டால் என்ன என்று தோன்றியது. அடுத்த ஆண்டு மழைக்கு முன்னால், ஆகஸ்டில் ஆரம்பித்தேன். அந்த இரண்டு மாதத்தில் நான் செய்த தவறுகளைத்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். அவைதான் இன்னொருவருக்குப் பயன்படும்.

முதல் தவறு, தாள். என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளும் தோழிகளும் சேர்ந்து நாலு பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்தார்கள். 'கொசு ஒழிப்புப் பணிகள் திருப்தியளிக்கின்றனவா?', 'குடிநீரின் தரம்: நன்று / சுமார் / மோசம்', 'தெரு நாய்களை அப்புறப்படுத்த வேண்டுமா: ஆம் / இல்லை'. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதையே கூகுள் ஃபார்மாக்கி வார்டு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். இரண்டே நாளில் பதில்கள் குவிந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் உட்கார்ந்து பார்த்தால், வந்த பதில்களில் முக்கால்வாசி மூன்று தெருக்களிலிருந்து. மூன்றும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்கள், வசதியான வீடுகள். நாய்களைப் பற்றி மிக நீளமாக எழுதியிருந்தவர் சிங்கப்பூரில் இருக்கிறார். ஊருக்கு வந்தே மூன்று வருஷமாம்.

இரண்டாவது தவறு, நேரம். அந்த வருஷம் ஆகஸ்ட் என்றால் மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஊரே காத்திருந்த சமயம். கையில் நோட்டோடு யார் வாசலில் நின்றாலும் "ஆயிரம் ரூபாய்க்கு விசாரிக்க வந்திருக்காங்க" என்று பேச்சு. ஃபிரிட்ஜ் இருக்கா என்று கேட்டால் இல்லை என்றார்கள். நான் கேட்டதற்குக் காரணம் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டில் தேங்கும் தண்ணீர். அங்கே கொசு முட்டையிடும். அவர்களுக்கோ ஃபிரிட்ஜ் என்று சொன்னால் பணம் வராமல் போய்விடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். அடுத்த வாரத்திலிருந்து வாசலில் நின்றதும் முதலில் சொல்வது இதுதான்: "இது எந்தப் பணத்துக்கும் இல்லை. பெயர் எழுத மாட்டேன், ஆதார் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம்." நோட்டைத் திருப்பிக் காட்டுவேன். தெருப் பெயரும் கோடுகளும்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள்.

மூன்றாவது, கூட யாரை அழைத்துப் போகிறோம் என்பது. முதல் மூன்று நாள் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போனேன். நல்ல பெண், வேலை தெரிந்தவர். ஆனால் அவர் மேல்சட்டையைப் பார்த்ததும் கொல்லைக் கதவு சாத்திக்கொள்ளும். தண்ணீரில் புழு இருந்தால் நோட்டீஸ், அபராதம் என்று ஊரில் பெயர். பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இலிருந்தே இருக்கிறது, நோட்டீஸ் கொடுக்க அதிகாரமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விசாரிக்கப் போகிறவரும் அபராதம் போடுகிறவரும் ஒரே வாசலில் சேர்ந்து நின்றால் உண்மை வராது. பிறகு சுய உதவிக் குழுப் பெண்கள் இருவரோடு போனேன். அவர்களுக்குத் தெருவில் எல்லார் வீட்டுக் கடனும் தெரியும், கொல்லையும் தெரியும்.

இனி அந்தத் தெருக்கோடி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வார்டின் கடைசித் தெரு. அதில் கடைசி வீடு, ஓட்டு வீடு, எழுபது வயதுக்கு மேல் ஒரு பாட்டி. படிவத்தின் முதல் கேள்வியைக் கேட்டேன். "கொசுவுக்கு நகராட்சி என்ன செய்யணும் பாட்டி?" "புகை அடிக்கணும்." நான் எழுதினேன். அதுவரை அத்தனை வீட்டிலும் அதே பதில்தான், எனக்கு எழுதி எழுதிக் கை வலித்தது. சரி, கிளம்பலாம் என்றபோது பாட்டி தண்ணீர் கொடுக்க உள்ளே கூப்பிட்டார். கொல்லையில் நீலப் பிளாஸ்டிக் டிரம் மூன்று, ஒரு சிமெண்டுத் தொட்டி, இரண்டு குடம், பழைய ஆட்டுக்கல். டிரம்மின் வாயில் வேட்டித் துணி கட்டியிருந்தது. சுத்தமான துணி, கயிற்றால் இறுக்கிக் கட்டியது. ஆனால் நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஈரக் குழியில் விரற்கடை தண்ணீர், அதில் நூல் துண்டுகள் மாதிரி புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. என் நிழல் விழுந்ததும் எல்லாம் ஒரே துள்ளலில் கீழே இறங்கின.

"வாரம் ஒருமுறை தேய்ச்சுக் கழுவிக் கவுத்து வைக்கணும் பாட்டி" என்று, எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பித்தேன்.

பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். "கழுவி ஊத்துறேன்டியம்மா. ஊத்துன தண்ணிய நீ தருவியா?"

நாலு நாளைக்கு ஒருமுறை, ராத்திரி இரண்டு மணிக்கு, அரை மணி நேரம். தூங்கிவிட்டால் அடுத்த நாலு நாள் அக்கம்பக்கத்தில் கையேந்த வேண்டும். தூங்காமல் உட்கார்ந்து பிடித்த தண்ணீரை எந்தப் பைத்தியக்காரி கீழே ஊற்றுவாள்? ஏரியா சபை முடிந்து செருப்புப் போட்டபடி ஒரு பெண் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாகக் காதில் விழுந்தது.

டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டிலும் சுற்றிலும் நாம் பிடித்து வைக்கிற, தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் உயிர் வரும். அதனால்தான் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். புகை என்ன செய்கிறது என்றால், அந்த நேரத்தில் வெளியே பறக்கிற கொசுவைக் கொல்கிறது. இந்தக் கொசுவோ பகலில் கட்டிலுக்கு அடியிலும் துணிக் கொடியிலும் உட்கார்ந்திருக்கும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துகிறோம். இதெல்லாம் எனக்கு ஓரளவு தெரிந்ததுதான். தெரிந்தும், 'என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டு, 'புகை' என்று எழுதி, அதை நகர்மன்றத்தில் மக்கள் கருத்து என்று வைக்கத்தான் போயிருப்பேன்.

அன்று இரவே நாலு பக்கத் தாளைத் தூக்கிப் போட்டேன். புதிய தாளில் ஆறே கேள்வி. கருத்து எதுவும் கேட்கவில்லை, நடந்ததை மட்டும் கேட்டேன். கடைசியாகத் தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது? எவ்வளவு நேரம்? எதில் பிடித்தீர்கள், மூடி இருக்கிறதா? மூன்று மாதத்தில் வீட்டில் காய்ச்சலில் படுத்தவர் உண்டா, எங்கே காட்டினீர்கள்? நாய் கடித்தது உண்டா, எத்தனை ஊசி போட்டீர்கள்? ராத்திரி எந்த இடத்தைத் தாண்டப் பயம்? கடைசிக் கேள்விக்குப் பெண்கள் நிறுத்தாமல் பேசினார்கள். ஆண்கள் "பயம் என்ன பயம்" என்றார்கள்.

சில விஷயத்தை நேராகக் கேட்டால் வரவே வராது. குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறீர்களா என்று கேட்டால் ஊரில் ஒரு வீட்டில்கூட மோட்டார் இல்லை. "உங்களுக்கு வேகம் எப்போது குறைகிறது?" என்று கேட்டால் பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடும் நேரம் நிமிஷக் கணக்கில் கிடைக்கும். இது வெறும் தண்ணீர்த் திருட்டு விவகாரம் இல்லை. குழாயில் தண்ணீர் வற்றியிருக்கும்போது மோட்டார் இழுத்தால், சாக்கடையை ஒட்டிப் போகிற குழாயில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே கழிவுநீரும் சேர்ந்து உள்ளே வரும். அந்தக் கடைசித் தெருவில் வயிற்றுப்போக்கு அடிக்கடி வந்ததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்தபோது புள்ளிகள் ஒரே பக்கம் குவிந்தன.

குளோரினிலும் அதே கதை. தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் "மருந்து வாடை தாங்கல, பிளீச்சிங் பவுடரைக் குறைங்க" என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்கள். டேங்க் ஆபரேட்டரிடம் ஒரு சின்னச் சோதனைப் பெட்டி உண்டு. குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டால் குளோரின் இருந்தால் மஞ்சளாகும், எவ்வளவு என்பதை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொட்டியடியில் நல்ல மஞ்சள். அவரையும் கெஞ்சி ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அங்கே தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது தர அளவு. கருத்துக் கணக்கில் 'குளோரினைக் குறை' என்பதற்குத்தான் ஓட்டு அதிகம். கடைசித் தெருக்காரர்கள் குளோரின் பற்றி எதுவுமே சொல்லவில்லை. அவர்களுக்கு அது வந்தால்தானே வாடை தெரியும்.

நாய் விஷயத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். பழைய படிவத்தில் 'அப்புறப்படுத்த வேண்டுமா' என்று கேட்டிருந்தேன் அல்லவா, ஏறக்குறைய எல்லாருமே 'ஆம்'. சரி, எங்கே கொண்டுபோய் விடுவது? நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது விதி. 2001இலிருந்தே அப்படித்தான், 2023இல் வந்த புது விதிகளிலும் அதேதான். செய்ய முடியாததைச் செய்யட்டுமா என்று நானே வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் "எழுதிக்கிட்டுப் போனீங்களே, நாய் அங்கேயேதான் படுத்துக் கிடக்கு" என்று நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். பதில் இல்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னதும், பதினொரு நாளில் அதை மாற்றியதும், நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களுக்குத் தனியாக உத்தரவு போட்டதும் டிவியில் வந்தபோது மறுபடி ஒரு சுற்றுக் கேள்வி. இந்தத் தடவை விதி என்ன, நகர்மன்றம் என்ன செய்ய முடியும் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தேன்.

ஆனால் 'எத்தனை ஊசி போட்டீர்கள்' என்ற கேள்வி வேறொரு கதவைத் திறந்தது. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். கடித்த அன்று, பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். கடித்த அன்று அலறி அடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் 28ஆம் நாளை மறந்துவிடுகிறார்கள். காயம் ஆறிவிட்டது, கூலி போய்விடும், எதற்கு இன்னொரு நாள் என்று. ஒரு வீட்டில் எட்டு வயதுப் பையன். குட்டி நாய்தானே கீறியது என்று காயத்தில் மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தார்கள். அது நடந்து இரண்டு நாள். கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நோட்டை மூடிவிட்டு அந்தப் பையனை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கணக்கெடுப்பு அன்றைக்கு அவ்வளவுதான்.

யாரை விட்டுவிட்டோம் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நாளாயிற்று. கையில் இருந்தது வாக்காளர் பட்டியல். அதை வைத்துப் போனால் வாடகைக்கு இருப்பவர்கள் பாதிப்பேர் இல்லை. அரிசி ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பீகார் பையன்கள் இருபது பேர் தங்கியிருக்கிறார்கள், அவர்கள் யார் பட்டியலிலும் இல்லை. அவர்கள் குளிக்கிற தொட்டிதான் அந்த வட்டாரத்திலேயே பெரிய திறந்த தொட்டி. ஓட்டு இல்லாதவர்களிடம் போய் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று என் கட்சிக்காரர் ஒருவரே கேட்டார். அவர் வீடு அந்தக் கொட்டகைக்கு அடுத்த வீடு. நான் எதுவும் சொல்லாமல் அவர் கையில் உட்கார்ந்திருந்த கொசுவைக் காட்டினேன். வேலைக்குப் போகும் பெண்களைப் பகலில் பிடிக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் நேரம்தான் சரி. ஆண்களுக்கு டீக்கடை, காலை ஆறு மணி.

வேகத்தடை பற்றி இரண்டே வரி. பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், தன் வீட்டு வாசலில் மட்டும் வேண்டாம் என்றும் எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, நகராட்சிக்கு அதில் கை வைக்க உரிமை இல்லை. மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

மன்றக் கூட்டத்தில் வைக்கும்போது தாள் கட்டைக் கொண்டுபோகவில்லை. பெரிய சார்ட் ஒன்றில் வார்டின் தெருக்களை வரைந்து, எந்தத் தெருவுக்கு எந்த நேரம் தண்ணீர், எத்தனை டிரம், எங்கே காய்ச்சல் என்று மூன்று நிறத்தில் பொட்டு வைத்திருந்தேன். பொறியாளர் முதலில் "எல்லா வார்டிலும் இதே பிரச்சினைதான்" என்றார். அப்புறம் எழுந்து வந்து சார்ட்டைக் கிட்டத்தில் பார்த்தார். ஒரு வால்வைத் திறக்கும் முறையை மாற்றினாலே கடைசித் தெருவுக்கு விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீர் போகும் என்றார். செலவே இல்லாத வேலை. அதற்கே மூன்று மாதம் ஆனது, ஏனென்றால் நேரம் மாறினால் தொட்டிப் பக்கத்துத் தெருவுக்குக் கால் மணி நேரம் குறையும். அந்தச் சண்டையைத் தனியாக எழுதலாம். இன்றைக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை, ஐந்தரை மணிக்கு வருகிறது. தினமும் இல்லை. மோட்டார்கள் அப்படியேதான் இருக்கின்றன, பறிமுதல் என்று ஒருநாள் ஆள் வந்தால் முந்தின இரவே சேதி போய்விடுகிறது. விரிசல் விட்ட குழாயில் பாதி தூரம் மாற்றியிருக்கிறார்கள். ராத்திரி தாண்டப் பெண்கள் பயந்த, இறைச்சிக் கடைக் கழிவு கொட்டும் மூலையில் விளக்குப் போட்டாயிற்று, கழிவு கொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

முடிவுகளை அடுத்த ஏரியா சபையில் நானே படித்தேன், ஆனதையும் ஆகாததையும். ஆகாத பட்டியலைப் படிக்கும்போது கூட்டம் அமைதியாகக் கேட்டது, நான் எதிர்பார்க்காத விஷயம். வராதவர்களுக்காக ஒரே பக்கத் தாளில் எழுதித் தெருவுக்கு ஒன்றாக ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டினோம்.

போன ஐப்பசி மழையில் பாட்டி வீட்டுக்குப் போனேன். டிரம் மூன்று இருந்த இடத்தில் இப்போது ஒன்று. வாயில் பலகை, அதன்மேல் ஆட்டுக்கல்லின் குழவி கனமாக உட்கார்ந்திருந்தது. ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க முடியாததால் அதன் குழியில் மணலை நிரப்பித் துளசி நட்டிருந்தார். நான் கேட்காமலேயே பலகையைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் பளிங்காக இருந்தது, அடியில் ஒரு புழு இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்த பாட்டி, தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"எல்லாம் சரி. புகை வண்டி எப்போ வரும்?"